வடக்குச் சுவரின் ஈரம்

சீர்காழி
3.10.2022

அன்புள்ள வானதிக்கு,

நீயும் உன் கட்டடங்களும் சௌக்கியமா? போன் இருக்கும்போது இவளுக்கு எதற்குக் கடிதம் என்று சிரிப்பாய். போனில் பேசினால் மாமனார் காதில் விழும். பக்கவாதம் வந்த பிறகு அவருக்குக் கட்டில்தான் எல்லாம். கூடத்தில் எது பேசினாலும் கேட்டுக்கொண்டு படுத்திருக்கிறார். நான் சொல்ல வந்ததோ நீ கட்டிக்கொடுத்த இந்த வீட்டைப் பற்றி. "என் வயல் மண்ணுல கட்டுன வூடு" என்று வருகிறவர்களிடமெல்லாம் பெருமைப்படும் மனிதரிடம், அந்த மண்ணைப் பார்த்தால்தான் எனக்குப் பயம் என்று எப்படிச் சொல்வது?

நேற்றைய மழையில் வடக்குச் சுவரின் உள்பக்கம் ஈரம் தெரிகிறது, சரியாக மாமா கட்டிலை ஒட்டி. கை வைத்தால் சில்லென்று இருக்கிறது. செங்கல் என்றால் கவலைப்பட மாட்டேன். இது வெயிலில் காயவைத்த மண்கல்தானே? மழையில் வரப்பு கரைவதைப் பார்த்து வளர்ந்தவள் நான். தோஹாவிலிருக்கும் என் வீட்டுக்காரரைக் கேட்டால், "வானதிகிட்ட கேளு" என்கிறார். சுவர் விழுந்தால் மாமாவை நான் ஒருத்தி எப்படித் தூக்குவேன்? சீக்கிரம் பதில் போடு.

உன்
பிரகதீஸ்வரி

தஞ்சாவூர்
8.10.2022

அன்பு பிரகதி,

ஹாஸ்டலில் பல்லி விழுந்ததற்கு மூன்று மாடி இறங்கி ஓடியவள் நீ. உன் கடிதத்தைப் படித்ததும் அதுதான் நினைவுக்கு வந்தது. உன் வீட்டுச் சுவரின் கனம் தெரியுமா? ஜன்னல் மாடத்தில் ஆள் உட்காரலாம். வயல் மண்ணை அப்படியே அள்ளி வைத்துவிட்டோம் என்றா நினைத்தாய்? ஆற்று மணலும் உமியும் கலந்து மிதித்து, காயவைத்து, மேலே சுண்ணாம்பு பூசியிருக்கிறோம். சூளைப் புகை இல்லாமல், மூட்டை மூட்டையாகச் சிமெண்ட் கொட்டாமல் கட்டிய வீடு. என்னிடம் கட்டடக்கலை படிக்கும் மாணவர்களை அழைத்து வந்து காட்டலாம் என்றிருக்கிறேன்.

ஈரம் வரும், போகும். பயப்படாதே. மாமாவுக்கு என் வணக்கத்தைச் சொல். நீ வைக்கும் வத்தக்குழம்பை நினைத்தால் இப்போதே பஸ் ஏறத் தோன்றுகிறது.

அன்புடன்
வானதி

சீர்காழி
15.10.2022

அன்புள்ள வானதி,

வந்த ஈரம் போகவில்லை. ஜன்னல் வரைக்கும் ஏறிவிட்டது. சுண்ணாம்பு பொடியாக உதிர்ந்து மாமாவின் போர்வையெல்லாம் வெள்ளை. "என்னம்மா இது?" என்று கேட்டார். "சாமி ரூம் விபூதி மாமா, காத்துல பறந்துருக்கும்" என்று பொய் சொன்னேன். அவரும் பக்தியாக எடுத்து நெற்றியில் வைத்துக்கொண்டார். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

பக்கத்து வீட்டுக் கமலாம்பாள் வந்து பார்த்துவிட்டு, "மண்ணு வூடு சொல்லாம கொள்ளாமதாண்டி விழும்" என்று சொல்லிவிட்டுப் போனாள். அதிலிருந்து பள்ளிக்கூடத்தில் பாடம் ஓடவில்லை. வெளியே இருட்டிக்கொண்டு வந்தால் போர்டில் எழுதுகிற கை அப்படியே நின்றுவிடுகிறது. பிள்ளைகள் திரும்பிப் பார்க்கிறார்கள். நீ ஒரே ஒரு தடவை வந்து பார்த்துவிட்டுப் போயேன். கெஞ்சிக் கேட்கிறேன்.

பிரகதி

தஞ்சாவூர்
19.10.2022

அன்பு பிரகதி,

கும்பகோணத்தில் ஒரு வேலை கழுத்தைப் பிடிக்கிறது. தீபாவளி கழிந்ததும் வருகிறேன். கமலாம்பாளை வீட்டுக்குள் விடாதே, பாதி ஈரம் அவர் வாயிலிருந்து வந்ததாக இருக்கும்! சுவர் நிற்கும். நான் சொல்கிறேன் அல்லவா, பயப்படாதே.

வானதி

சீர்காழி
7.11.2022

அன்புள்ள வானதி,

தீபாவளி கழிந்து எத்தனையோ நாளாயிற்று, நீ வரவில்லை. பரவாயில்லை, கோபம் இல்லை. எனக்கு இப்போது பயமும் இல்லை.

தீபாவளிக்கு வீட்டுக்கு வெள்ளையடிக்கிறேன் என்று மாமாவிடம் சொல்லிவிட்டு ஒரு காரியம் செய்தேன். கடைத்தெருவில் ரப்பர் மாதிரி ஒரு பெயிண்ட் வந்திருக்கிறது, ஒரு சொட்டுத் தண்ணீர் உள்ளே போகாதாம். அதை வடக்குச் சுவரில் வெளியிலும் உள்ளேயும் இரண்டு கோட்டிங் அடித்துவிட்டேன். மந்திரம் போட்டாற்போல் கறை மறைந்துவிட்டது. அதன்பின் எத்தனை மழை! சுவர் பளபளவென்று இருக்கிறது. பொடி உதிர்வதும் நின்றுவிட்டது. ஒரு மாதத்துக்குப் பிறகு நேற்றுத்தான் நிம்மதியாகத் தூங்கினேன்.

சின்னச் சின்னத் தொந்தரவுகள்தான். கட்டில் ஓரத்தில் பெயிண்ட் பூரி மாதிரி உப்பியிருக்கிறது, அமுக்கினால் மெத்தென்று உள்ளே போகிறது. வடக்கு ஜன்னல் கதவு மூன்று நாளாகச் சாத்த மாட்டேன் என்கிறது. மழைக்கு மரம் ஊதியிருக்கும். நீ வரும்போது உன் ஆசாரியை விட்டு இழைத்துக் கொடுத்துவிடு. வத்தக்குழம்பு காத்திருக்கிறது.

உன்
பிரகதி

தஞ்சாவூர்
12.11.2022

பிரகதி,

உன் கடிதம் இப்போதுதான் கைக்கு வந்தது. சீர்காழியில் கொட்டித் தீர்த்துவிட்டது என்கிறார்கள். உன் போன் போகவில்லை. பள்ளிக்கூட நம்பர், கமலாம்பாள் வீட்டு நம்பர் எதுவும் போகவில்லை. எங்களுக்கு மணல் ஓட்டும் மூஸா லாரியோடு கிளம்பியிருக்கிறார், லாரி உயரமானது, தண்ணீரில் போகும். அவரிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன். நான் பின்னாலேயே காரில் வருகிறேன், பாதை விடுமா தெரியவில்லை.

படித்ததும் வெளியே வந்துவிடு. எதையும் எடுக்காதே. மாமாவைக் கட்டிலோடு மூஸாவும் கிளீனரும் தூக்குவார்கள். வடக்குச் சுவர்ப் பக்கம் யாரும் நிற்க வேண்டாம், தெற்கு வாசல் வழியாக வாருங்கள்.

கறைதான் போயிருக்கிறது, தண்ணீர் போகவில்லை. ஓட்டுக்கும் சுவருக்கும் நடுவிலிருந்தும் தரையிலிருந்தும் அந்தச் சுவருக்கு எப்போதும் கொஞ்சம் தண்ணீர் வரும். சுண்ணாம்பு அதை வெளியே விட்டுவிடும். அதற்காகத்தான் சுண்ணாம்பு பூசினோம். நீ பார்த்த ஈரம் வெளியேறிக்கொண்டிருந்த ஈரம். இப்போது இரண்டு பக்கமும் அடைத்துவிட்டாய், உள்ளே மண் ஊறிக்கொண்டிருக்கிறது. உப்பியிருப்பது பெயிண்ட் இல்லை, பின்னால் சேறு. ஜன்னல் கதவு ஊதவில்லை பிரகதி, மேலிருந்து சுவர் இறங்கிக்கொண்டிருக்கிறது. கூரை மொத்தமும் அதன்மேல் இருக்கிறது.

அவசரத்தில் கிறுக்குகிறேன், எழுத்து புரிகிறதா? எனக்குப் பயமாக இருக்கிறது. வெளியே வா.

வானதி

சீர்காழி
17.11.2022

வானதி,

நீ வழியில் தண்ணீர் வடியுமா என்று நின்று பார்த்துவிட்டுத் திரும்பிப் போனாய் என்று மூஸா சொன்னார். நாங்கள் எங்கள் பள்ளிக்கூடத்தில்தான் இருக்கிறோம். கரண்ட் நேற்றுத்தான் வந்தது.

உன் கடிதத்தைப் பாதிதான் படித்தேன். மாமா வரமாட்டேன் என்று கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டார். "என் வூட்ட விட்டு எங்க தூக்குறீங்க?" என்று கத்தினார். மூஸாவும் கிளீனரும் கட்டிலோடு தூக்கிவிட்டார்கள். லாரியில் ஏற்றி, தார்ப்பாயை மேலே போர்த்தி முடிப்பதற்குள் சுவர் உட்கார்ந்துவிட்டது. விழவில்லை, உட்கார்ந்தது. பெரிய சத்தம்கூட இல்லை. மண் குழம்பாகக் கூடத்துக்குள் ஓடியது, கட்டில் கிடந்த இடத்தில் ஓடுகள் சரிந்தன. பெயிண்ட் மட்டும் கிழிந்த துணி மாதிரி தொங்கிக்கொண்டிருந்தது. மாமா எல்லாவற்றையும் பார்த்தார். இப்போது வகுப்பறைச் சுவரைத் தடவித் தடவி, "இது என்ன கல்லும்மா?" என்று கேட்டுக்கொண்டே இருக்கிறார். செங்கல் மாமா என்றால் தலையாட்டிவிட்டு மறுபடியும் கேட்கிறார்.

உன்மேல் கோபமாக இருக்கிறேன். பயப்படாதே, பயப்படாதே என்றுதான் எழுதினாய். அந்த ஈரம் ஏன் வருகிறது என்று ஒரு வரி எழுதியிருந்தால் நான் பெயிண்ட் கடைக்குப் போயிருக்க மாட்டேன். எனக்குப் புரியாது என்று நினைத்தாயா? அல்லது என் பயம் உனக்குச் சிரிப்பாக இருந்ததா? நீ தைரியம் சொன்ன கடிதங்களில் ஒன்றைக்கூட நான் நம்பவில்லை. நீ பயந்து எழுதியதைப் பார்த்ததும் எழுந்து வந்துவிட்டேன்.

இன்னும் மூன்று சுவர்கள் நிற்கின்றன. மாமா வீட்டுக்குப் போக வேண்டும் என்கிறார். பஸ் ஓட ஆரம்பித்துவிட்டது, நீ வா. வந்து எனக்கு ஆறுதல் சொல்லாதே. எது நிற்கும், எது விழும் என்று மட்டும் சொல்.

பிரகதீஸ்வரி