ஆற்றுப்படிச் சுவரின் கற்பாசியைச் சுரண்டாதிருக்க வேண்டி

அனுப்புநர்:
கற்சீவல் தயாரிப்பாளர்,
கல்லூரி நிலவியல் ஆய்வுக்கூடம்.
(வீடு: ஆற்றுப்படித் தெரு, கடைசிக்கு முந்தையது)

பெறுநர்:
நகராட்சிப் பொறியாளர் அவர்கள்,
நகராட்சி அலுவலகம்.

பொருள்: ஆற்றங்கரைத் தாங்குசுவரைச் சுரண்டும் பணியை நிறுத்தக் கோருவதும், அது குறித்து மேற்பார்வையாளருக்கு அனுப்பப்பட்ட குறிப்பாணையும் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. நான் இருபத்திரண்டு ஆண்டுகளாகப் பாறைத்துண்டுகளைக் காகிதத்தைவிட மெல்லிய சீவல்களாக்கி, மாணவர்கள் நுண்ணோக்கியில் பார்ப்பதற்காகக் கண்ணாடித் தகட்டில் ஒட்டித் தரும் வேலை செய்கிறேன். வேலையிலும் தெருவிலும் எனக்கு ஒரு குறையும் இல்லை. மனு எழுதுவது இதுவே முதல் தடவை. முறை தவறியிருந்தால் பொறுத்தருள வேண்டுகிறேன்.

2. எங்கள் தெருவைத் தாங்கி நிற்கும் சுவர் சுண்ணாம்புக் கல்லால் ஆனது. சாம்பலும் ஆரஞ்சுமாகக் கற்பாசி படர்ந்தது. அதில் ஒன்பது கோடுகள் வெட்டப்பட்டுள்ளன. ஒவ்வொன்றும் ஒரு வெள்ளத்தின் உயரம், பக்கத்தில் ஆண்டு. ஆறு ஏறும்போது தண்ணீர் எந்தக் கோட்டைத் தொட்டது என்று எட்டிப் பார்த்துவிட்டுத்தான் மூட்டை கட்டுவதா வேண்டாமா என்று முடிவு செய்வோம். சென்ற மழைக்காலத்தில் கீழிருந்து நான்காவது கோட்டைத் தாண்டியதும் மாமியாரைக் கட்டிலோடு மாடிக்குத் தூக்கினோம். மறுநாள் காலை கீழறையில் முழங்கால் அளவு தண்ணீர்.

3. இம்மாதம் 9-ஆம் தேதி பணியாளர்கள் நால்வர் கம்பி பிரஷ்ஷும் ஆசிட்டுமாக வந்து உச்சியிலிருந்து தேய்க்கத் தொடங்கினர். சொன்ன வேலையைத்தான் செய்தார்கள். அவர்கள்மேல் எனக்கு வருத்தமில்லை. ஆனால் இரண்டு நாளில் மேலிரண்டு கோடுகளும் ஏறக்குறைய அழிந்தன. தேய்த்த இடத்தில் கையை வைத்தால் சாக்பீஸைத் தொட்டதுபோல் வெள்ளையாக மாவு ஒட்டியது. தேய்க்காத இடம் கெட்டியாக இருந்தது. ஏன் என்று பார்க்காமல் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை.

4. கீழே உதிர்ந்து கிடந்த ஒரு சில்லை எடுத்துச் சீவிப் பார்த்தேன். பாசிக்கும் கல்லுக்கும் நடுவே நகத்தின் கனம்கூட இல்லாத பழுப்புத் தோல் ஒன்று இருந்தது. எங்கள் நிலவியல் பேராசிரியர் அதைச் சோதித்து விளக்கினார்: கற்பாசி சுரக்கும் அமிலம் கல்லிலுள்ள சுண்ணாம்போடு சேர்ந்து கால்சியம் ஆக்சலேட் என்ற புதிய கனிமமாகிறது. அது மழையில் எளிதில் கரையாது. மறைக்காமல் சொல்கிறேன், கற்பாசி கல்லைக் கொஞ்சம் தின்னவும் செய்கிறது. ஆனால் எங்கள் சுவரில், தின்ற இடத்தைத் தானே போர்த்தியும் வைத்திருக்கிறது. அந்தப் போர்வையைத்தான் பிரஷ் உரித்துவிட்டது.

5. கால்சியம் ஆக்சலேட் என்ற பெயரை ஏற்கெனவே எங்கோ படித்த ஞாபகம் வந்தது. பேருந்து ஓட்டுநரான என் கணவருக்குச் சென்ற ஆண்டு சிறுநீரகக் கல் வெளியேறியது. அதன் சோதனை அறிக்கையில் இதே பெயர்தான். அவர் அந்தக் கல்லை மாத்திரைக் குப்பியில் போட்டு, வருவோர் போவோருக்கெல்லாம் காட்டிக்கொண்டிருந்தார். கெஞ்சிக் கேட்டுப் பாதியை வாங்கிச் சீவினேன். நுண்ணோக்கியின் கீழ் இரண்டும் ஒரே மாதிரி மின்னின. அவரையும் அழைத்துக் காட்டினேன். மாறி மாறிப் பார்த்துவிட்டு, "நான் தெருவையே கூட்டிக் கத்தினேன். இந்தச் சுவரு பாரு, வாயே தெறக்கல" என்றார். இப்போது பயணிகளிடமெல்லாம் சுவரைத் தன் பங்காளி என்று சொல்லி வருகிறார்.

6. அந்தப் பணியாளர்களின் மேற்பார்வையாளரிடம் விவரம் சொன்னேன். முதலில் சிரித்தார். ஆனாலும் 13-ஆம் தேதி, உணவு இடைவேளையில் ஆய்வுக்கூடத்துக்கு வந்தார். நுண்ணோக்கியில் சீவலைப் பார்த்தார். இவ்வளவு தோல் கட்ட எத்தனை வருடம் ஆகும் என்று கேட்டார். சரியாகத் தெரியாது, நம் இருவர் வயதையும் கூட்டினாலும் போதாது என்று நினைக்கிறேன் என்றேன். அப்போது அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "ஆர்டர்ல அழுக்கை எடுக்கணும்னு போட்டிருக்கு. இதை அழுக்குன்னு சொல்ல எனக்கு மனசு வரலம்மா. மேலேர்ந்து எழுத்து வரட்டும், அதுவரைக்கும் தொடமாட்டேன்."

அன்று மாலையே, மேலிருந்து மூன்றாவது கோட்டை எட்டுவதற்குள், பிரஷ்ஷுகளைக் கட்டி எடுத்துப் போனார்கள். நான்கு நாட்களாகச் சுவர் நிம்மதியாக இருக்கிறது, நாங்களும்தான். ஆனால் வேலையைத் தாமதப்படுத்தியதற்காக அவரிடம் விளக்கம் கேட்டுத் தங்கள் அலுவலகத்திலிருந்து குறிப்பாணை வந்திருப்பதாக நேற்று அறிந்தேன்.

7. ஆகவே தங்களிடம் வேண்டுவது:

(அ) மீதமுள்ள ஏழு கோடுகளையும் அவற்றின் மேலுள்ள கற்பாசியையும் இருந்தபடியே விட்டுவிட உத்தரவிட வேண்டும்.

(ஆ) அழிந்த இரண்டு கோடுகளும் சாய்ந்த வெயிலில் இன்னும் மங்கலாகத் தெரிகின்றன. அடுத்த மழைக்குள் அதே இடத்தில் அவற்றைத் திரும்ப வெட்ட ஒரு கல்தச்சரை அனுப்ப வேண்டும்.

(இ) மேற்பார்வையாளருக்கு அனுப்பிய குறிப்பாணையைத் திரும்பப் பெற வேண்டும். அவரை ஆய்வுக்கூடத்துக்கு அழைத்தது நான். தாமதத்தை யார் பேரிலாவது எழுதியே ஆகவேண்டுமென்றால் என் பேரில் எழுதிக்கொள்ளலாம். தாங்களும் ஒருமுறை வந்து அந்தச் சீவலைப் பார்க்க வேண்டும். அவர் பார்த்தார், அதன்பிறகு சுரண்ட அவருக்குக் கை வரவில்லை. அதைக் குற்றமென்று எழுதத் தங்களுக்கும் கை வராது என்று நம்பி இம்மனுவை அனுப்புகிறேன்.

இடம்: ஆற்றுப்படித் தெரு
நாள்: இம்மாதம் 17

பணிவுடன்,
(கையொப்பம்)
கற்சீவல் தயாரிப்பாளர்