மஞ்சள் கருவுக்கு ஆளில்லை

செர்னிமோன், வோஜ் மலை
டிசம்பர் 14

அன்பு மகன் பாஸ்தியனுக்கு,

அம்மா எழுதுகிறேன். சளி விட்டதா? போன வாரம் நீ வெளியே அனுப்பிய அழுக்குத் துணிப் பையில் கைக்குட்டைகள்தான் அதிகம் இருந்தன. மற்ற அம்மாக்கள் பிள்ளையின் முகத்தைப் பார்த்து உடம்பு எப்படி என்று தெரிந்துகொள்கிறார்கள். எனக்குத் துணிதான் சேதி சொல்கிறது. பழுப்புக் கால்சட்டையின் இடுப்பை நீயே பிடித்துத் தைத்திருக்கிறாய். தையல் ஒரே கோணல். பிரித்துச் சரியாகத் தைத்திருக்கிறேன். ஆனால் கொஞ்சம் தளர்த்தித்தான் தைத்தேன். நீ பழையபடி உடம்பு தேறிவிடுவாய் என்று வைத்துக்கொண்டேன்.

இங்கே நல்ல பனி. ரொட்டி வண்டி மேலே ஏற முடியாமல் இப்போது தேவாலயத்துக்கு எதிரிலேயே நின்றுவிடுகிறது. எல்லோரும் அங்கே இறங்கிப் போகிறோம். நான் போய் நின்றால் பேச்சு நின்றுவிடும். பிறகு யாராவது ஒருவர் பனியைப் பற்றி ஆரம்பிப்பார். பிறந்ததிலிருந்து இந்த ஊரில் இருக்கிறேன், பனியைப் பற்றி இவ்வளவு பேசி நான் கேட்டதே இல்லை. யாரும் கெட்டவர்கள் இல்லை, பாஸ்தியன். என்னிடம் என்ன சொல்வது என்று அவர்களுக்குத் தெரியவில்லை. எனக்கும் தெரியவில்லை. ரொட்டியை வாங்கிக்கொண்டு வந்துவிடுகிறேன்.

கிறிஸ்துமஸ் பொட்டலம் கிடைத்திருக்கும். வருஷத்தில் இந்த ஒரு சமயம்தான் வீட்டுச் சாப்பாட்டை உள்ளே விடுகிறார்கள். புகைபோட்ட இறைச்சி, பாலாடைக்கட்டி, ஆரஞ்சு எல்லாம் வைத்தேன். உனக்குப் பிடித்த பாதாம் கேக்கு மட்டும் அதில் இருந்திருக்காது. அம்மா மறந்துவிட்டாள் என்று நினைத்திருப்பாய். மறக்கவில்லை. அந்தக் கதையைச் சொல்லத்தான் உட்கார்ந்தேன்.

அந்தக் கேக்குக்கு வெள்ளைக் கரு மட்டும்தான் வேண்டும் என்பது உனக்குத் தெரியும். நான் எப்போதாவது அதற்கென்று முட்டை உடைத்துப் பார்த்திருக்கிறாயா? விடுதிக்குக் கஸ்டர்ட் செய்யும் கிஸ்லேனுக்கு மஞ்சள் கரு போதும். மிச்ச வெள்ளையை ஜாம் பாட்டிலில் ஊற்றி மகன் ரோமேனிடம் கொடுத்தனுப்புவாள். அவனும் கேக்கு வேகும்வரை வீட்டுக்குப் போக மாட்டான். நீங்கள் இருவரும் அச்சு ஆறக்கூட விட மாட்டீர்கள். மார்ச் மாதத்துக்குப் பிறகு பாட்டில் வரவில்லை. வரக் கூடாது என்பதுதான் நியாயம். தன் பிள்ளையை என் பிள்ளையின் காரில் ஏற்றிவிட்டு, மறுநாள் சவப்பெட்டி வாங்கப் போனவள் அவள். அவளிடம் போய் வெள்ளைக் கரு கேட்கிற அளவுக்கு என் முகம் தடித்துவிடவில்லை.

அதனால் முட்டையை நானே உடைத்தேன். வெள்ளை ஒரு பாத்திரத்தில், மஞ்சள் ஒரு பாத்திரத்தில். மஞ்சள் கருவைக் கொடுக்க ஆளில்லை. இத்தனை வருஷத்தில் அது ஒரு பிரச்சினையாக இருந்ததே இல்லை, பார். அன்றைக்கு மத்தியானம் பொரித்துத் தின்றேன், ராத்திரியும் அதையே தின்றேன். மறுநாள் காலையில் திகட்டிப்போய், மேஜையில் தனியாக உட்கார்ந்து அழுதுவிட்டேன். முட்டைக்காக அழுகிற கிழவி என்று சிரிக்காதே. சிரித்தாலும் பரவாயில்லை.

வெண்ணெயையும் கெடுத்துக்கொண்டேன். அடுப்பில் சடசடப்பு அடங்கி, கொட்டை வறுத்த வாசனை வந்ததும் இறக்கிவிட வேண்டும், ஒரு நிமிஷம் தாமதித்தால் போச்சு. சரியாக அந்த நேரம் தொலைபேசி அடித்தது. நீதான் என்று ஓடினேன். யாரோ ஒரு பையன், ஜன்னல் மாற்ற வேண்டுமா என்று கேட்டான். வேண்டாம் என்று வைத்திருக்கலாம். பேச ஓர் ஆள் கிடைத்ததே என்று ஜன்னலைப் பற்றி, பனியைப் பற்றி, உன் அப்பா இருந்தபோது கதவுகளுக்கு வண்ணம் அடித்ததைப் பற்றி எல்லாம் பேசிக்கொண்டிருந்தேன். கடைசியில் அவனே, வேறு வேலை இருக்கிறது மதாம் என்று வைத்துவிட்டான். திரும்பி வந்தால் வெண்ணெய் கறுத்திருந்தது. வீட்டில் வேறு இல்லை. அடியில் தங்கிய கரியை விட்டு மேலே தெளிந்ததை வடிகட்டிப் பாதாம் மாவில் ஊற்றினேன். ஒவ்வொரு கேக்கிலும் பிரிம்பெல் பழம் அழுத்தி வைத்தேன், ஆகஸ்டில் காட்டில் நான் தனியாகப் போய்ப் பறித்தது. நல்ல நிறமாகத்தான் வெந்து வந்தன.

சிறையில் பொட்டலம் வாங்கும் இடத்தில் ஒரு சின்னப் பெண் உட்கார்ந்திருந்தாள். மரியாதையாகப் பேசினாள், குறை சொல்ல முடியாது. கேக்கு டப்பாவைத் திறந்து, எல்லோரிடமும் கேட்பதைப்போல, இதில் மது ஏதும் இல்லையே என்று என்னிடமும் கேட்டாள். நான் வீட்டில் பேசுகிற மாதிரியே சொன்னேன்:

“அதெல்லாம் ஒண்ணுமில்லம்மா. பழத்து மேல ஒரு மூடி மிராபெல் விட்டேன், அவ்ளோதான்.”

சொன்ன பிறகுதான் அது என் காதில் விழுந்தது. வரிசையே திரும்பிப் பார்த்தது. குடித்துவிட்டு வண்டி ஓட்டியதற்காக உள்ளே இருக்கும் பிள்ளைக்கு, சாராயம் ஊற்றிய கேக்கைத் தூக்கிக்கொண்டு வந்து நிற்கிறாள் ஒரு தாய். என்ன சொல்ல, இந்த மலையில் மிராபெலை நாம் சாராயக் கணக்கில் சேர்த்ததே இல்லை. காபியில் கொஞ்சம், பல்வலிக்குக் கொஞ்சம், பழத்துக்கு ஒரு மூடி. அன்றைக்குக் கல்யாண வீட்டில் உன் கோப்பையை நிரப்பியவர்களும், வழிக்கு ஒண்ணு என்றுதான் ஊற்றினார்கள். அவர்கள்தான் இப்போது ரொட்டி வண்டி அருகே பனியைப் பற்றிப் பேசுகிறார்கள். உன் தப்பு உன்னுடையது, அதை நான் குறைக்கப் பார்க்கவில்லை. ஆனால் என் கையும் அந்தப் பாட்டிலைத் தானாகத்தான் எடுத்தது.

டப்பாவைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். பிறகு சந்திப்பு அறையில் உட்கார்ந்தேன். பக்கத்து மேஜைகளில் எல்லாம் பேச்சும் சிரிப்பும். ஒரு குழந்தை தன் அப்பாவின் காதைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தது. நீ இந்த முறையும் உன் அறையிலிருந்து இறங்கி வரவில்லை. நேரம் முடிந்ததும் எல்லோரோடும் சேர்ந்து நானும் எழுந்து வந்தேன், நானும் யாரையோ பார்த்துவிட்டு வந்தவளைப்போல.

ஊரில் பஸ் கல்லறைத் தோட்டத்துக்கு எதிரேதான் நிற்கிறது. கிஸ்லேன் உள்ளே ரோமேனின் கல் மேலிருந்த பனியைக் கையால் தள்ளிக்கொண்டிருந்தாள். நான் தலையைக் குனிந்துகொண்டு நடந்தேன். மார்ச்சுக்குப் பிறகு முதல் தடவையாக அவள் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டாள். டப்பாவில் என்ன என்று கேட்டாள். சொன்னேன். ஏன் திருப்பிக் கொண்டுவந்தாய் என்றாள். அதையும் சொன்னேன். அவள் திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன், அவளோ சிரித்தாள். கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தாள். பிறகு கையுறையைக் கழற்றிவிட்டு ஒன்றை எடுத்து நின்றபடியே தின்றாள். வெண்ணெயைக் கரியவிட்டிருக்கிறாய் என்றாள். ஆமாம் என்றேன். தின்று முடித்து விரலைத் துடைத்துக்கொண்டு, அவன் வந்தானா என்று கேட்டாள். இல்லை என்றேன். அவள் சொன்னதைச் சொன்னபடியே எழுதுகிறேன், ஒரு வார்த்தை கூட்டவில்லை.

“அவன் மேல எனக்குக் கோவம் போகல ஒடில், போகவும் போகாது. ஆனா நான் தெனமும் இங்க வந்து நிக்கிறேன். எம்புள்ள எந்திரிச்சு வர மாட்டான். உம்புள்ளைக்குக் கால் இருக்குல்ல? எறங்கி வரச் சொல்லு.”

அவ்வளவுதான். மறுபடி பனியைத் தள்ளத் தொடங்கினாள். அவள் மன்னித்துவிட்டாள் என்று நீ நினைத்துவிடக் கூடாது, நானும் நினைக்கவில்லை. நான் டப்பாவை அங்கேயே சுவர் மேல் வைத்துவிட்டு வீட்டுக்கு வந்தேன்.

என் முகத்தைப் பார்க்க வெட்கமாக இருக்கிறது என்பதால்தான் நீ வரவில்லை என்று எனக்குத் தெரியும். அந்த முகம் நாள் முழுக்கச் சுவரைப் பார்த்துக்கொண்டிருக்கிறது, பாஸ்தியன். அதற்கு நீ பயப்பட வேண்டியதில்லை. வருகிற சனிக்கிழமை பகல் இரண்டு மணிக்கு மறுபடி பதிவு செய்திருக்கிறேன். நீ பேச வேண்டாம். என்னைப் பார்க்கக்கூட வேண்டாம், மேஜையைப் பார்த்துக்கொண்டிரு. நான் கேள்வி எதுவும் கேட்க மாட்டேன். சும்மா எதிரில் வந்து உட்கார்.

குளிருக்குக் கனமான காலுறை வைத்திருக்கிறேன், போட்டுக்கொள். கடவுள் உன்னைக் காக்கட்டும். ரோமேனையும் அவர் பார்த்துக்கொள்ளட்டும். உனக்குக் கால் இருக்கிறது, மகனே. இறங்கி வா.

உன்னை நினைத்தபடியே இருக்கும்
அம்மா, ஒடில்