ஆவாரை வெட்டிய பாதை

சித்திரை 15, திங்கள்

நந்தகோபால் டவுனில் பலகை எழுதி வாங்கி வந்திருக்கிறான். 'கோடை மலர்ப் பாதை'. நான் விறகு சுமந்து இறங்கிய ஒற்றையடிப் பாதைக்கு என் மகன் வைத்த பெயர். கோவில்பட்டியிலிருந்து ஞாயிறுதோறும் வேனில் ஒரு கூட்டம் மலையேற வருகிறது. இவன்தான் வழிகாட்டி. ஆவாரம்பூ பார்க்கத் தொப்பியும் ஊன்றுகோலும் வேண்டுமாம். நேற்று ஒருத்தி பிள்ளையாருக்குப் போட்டியாக எருக்கம்பூவைக் காதில் செருகிப் படம் எடுத்தாள். எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "அம்மாவுக்கு இருமல்" என்று சமாளித்தான்.

சித்திரை 17, புதன்

இந்த வருஷம் சுனையம்மனுக்குப் பூ முறை எங்கள் வீட்டுக்கு. சித்திரைக் கடைசி வெள்ளிக்கு மாலை சாத்த வேண்டும். கடைப்பூ மலையேறக் கூடாது. மலையில் பூத்ததை, முறைக்காரி தன் கையால் பறித்துக் கட்ட வேண்டும். ஒரு தடவை தவறினால் அந்த வீட்டுக்கு இனி முறையே கிடையாது. எங்கள் தெருக் கடற்கரை அண்ணாச்சி வீட்டார் அப்படித்தான் முறையை விட்டார்கள், இன்றைக்கும் திருவிழாவில் ஓரமாக நிற்கிறார்கள். நான் ஓரமாக நிற்கிற ஆள் இல்லை.

சித்திரை 20, சனி

வெட்டிட்டான்! பாதையை அகலமாக்குகிறேன் என்று நாலு ஆள் விட்டு ஆவாரை, கொன்றைக் கன்று, ஒன்று விடாமல் —

"முள்ளைத்தானம்மா வெட்டச் சொன்னேன். அவங்க எல்லாத்தையும் வெட்டிட்டாங்க."

ஏலே, பூ பாக்க வாரவனுக்கு வழி விட பூவையா வெட்டுவ? மொட்டைத் தூருக்குப் பக்கத்தில் புதுப் பலகை வேறு: 'பூக்களைப் பறிக்காதீர்கள்'. எதைப் பறிக்க?

சித்திரை 21, ஞாயிறு

வேன் வந்தது. பூ எங்கே என்று கேட்டார்கள். "சீசன் முடிஞ்சிருச்சு சார்" என்றான். கூச்சமே இல்லை.

சித்திரை 23, செவ்வாய்

மேற்குச் சரிவில் ஆவாரை இருக்கிறது. எந்தப் பாறைக்கு எத்தனை தூர் என்றுகூடச் சொல்வேன். ஆனால் அங்கே ஏற வள்ளிமயில் புஞ்சை வழியாகத்தான் போக வேண்டும். என் வீட்டுக்காரரின் தங்கை. நந்தகோபால் காதுகுத்து, 1995, ஆவணி 22, வியாழக்கிழமை. நிறைந்த பந்தியில், "கறியில உப்பே இல்ல, மதினி கை அம்புட்டுத்தான்" என்றவள். உப்பு இருந்தது. ரெண்டு தடவை வாங்கித் தின்றாள். இந்த ஆவணி வந்தால் முப்பது வருஷம், அவள் வரப்பை நான் மிதித்ததில்லை.

சித்திரை 25, வியாழன்

அவள் வேலிப்படல் வரை போய்த் திரும்பினேன். ரெண்டு தடவை.

சித்திரை 26, வெள்ளி

விடியவும் போய்விட்டேன். வள்ளிமயில் புஞ்சையில் காய்ந்த பருத்திமார் பிடுங்கிக்கொண்டிருந்தாள்.

"என்ன மதினி, வழி தவறி வந்துட்டீகளா?"

"தெரிஞ்சுதான் வாரேன். அம்மனுக்குப் பூ."

"உங்க மகன்தான் மலையையே சிரைச்சு விட்டுட்டானே! இந்த முட்டியை வச்சுக்கிட்டு எங்கன ஏறுதீங்க? நில்லுங்க, நானும் வாரேன்."

வேண்டாம் என்றேன். வந்தாள். சறுக்குப்பாறையில் கையைப் பிடித்தாள். நான் பிடிக்கவில்லை, அவள்தான் பிடித்தாள். மேலே சரிவு முழுக்க மஞ்சள், கண் கூசியது. நான் பறித்தேன், அவள் மடி ஏந்தினாள். வழியெல்லாம் பேச்சுத்தான், வாய் ஓயவில்லை. நான் "ம்" மட்டும் போட்டேன்.

உச்சிப்பொழுதுக்குள் மாலை சாத்தியாயிற்று. முறை எங்களுக்கே.

சித்திரை 27, சனி

நந்தகோபால் காலையிலேயே காலைச் சுற்றினான். "மேற்க பூ இருக்காம்லம்மா, நாளைக்கு வேனை அந்தப் பக்கம் விடவா?"

நேரே வள்ளிமயில் வீட்டுக்குப் போனேன். "ஏட்டி, நாளைக்குத் தொப்பிக்காரங்க வந்தா படலைத் திறக்காத. என் மகனே வந்தாலும் சரி."

"முள்ளு வெட்டிப் போட்டு அடைச்சிருதேன் மதினி. உக்காருங்க."

காப்பி கொடுத்தாள். சீனியை அள்ளிக் கொட்டியிருந்தாள். ஒன்றும் சொல்லாமல் குடித்துவிட்டு வந்தேன்.