அம்மாவுக்கு ஏற்ற பேட்டை

மார்ச் 4, செவ்வாய்

ரயில்வே குவார்ட்டர்ஸைக் காலி செய்யச் சொல்லிவிட்டார்கள். வாழ்நாள் முழுக்க ஓடுகிற ரயிலில் டிக்கெட் பரிசோதித்தவளுக்கு, ஓய்வு பெற்ற பிறகு ஓடாத வீடு ஒன்று வேண்டும். அவர் போய்ப் பல வருஷம் ஆகிவிட்டது; தனியாக முடிவெடுத்துப் பழக்கம்தான். மகள் மேட்டில் இருக்கிறாள், மகன் ஆற்றோரத்தில். இரண்டு பேட்டைக்கும் நடுவில் பாதி ஊர். இரண்டில் ஒன்று.

முதலில் மகன் கூப்பிட்டான். "யோசிக்கவே வேணாம்மா. அக்கா இருக்கிற மேட்டுலயே வாங்கிடு. காத்து சுத்தம். இந்த ஆத்து நாத்தம் உனக்கு ஆகாது."

காப்பி ஆறுவதற்குள் மகள். "தம்பி பக்கமே பாரும்மா. ஆஸ்பத்திரி கிட்ட இருக்கு. மேட்டுல ஏறி இறங்கினா உன் முட்டி தேஞ்சு போயிடும்."

சின்ன வயதில் ஒரு பலூனுக்கு மண்டையை உடைத்துக்கொண்ட பிள்ளைகள். இப்போது என்னை எப்படி விட்டுக்கொடுக்கிறார்கள்!

மார்ச் 9, ஞாயிறு

மேட்டைப் பார்த்தேன். மகள் வீட்டுத் தெருவிலேயே மூன்றாம் மாடி. காவலாளி என் பெயர், போன் நம்பர், வந்த காரணம் எல்லாம் கேட்டார். என் கல்யாணத்தில்கூட இவ்வளவு விசாரிக்கவில்லை. லிஃப்டில் ஒரு பலகை: உரக்கப் பேசாதீர், செருப்பை வெளியே விடாதீர், பால்கனியில் துணி காயப்போடாதீர். சிரிக்காதீர் என்று மட்டும் எழுதவில்லை. அதற்கு அவசியம் வரவில்லை போலிருக்கிறது.

"இந்தத் தெருவுல யாரும் யார்கிட்டயும் பேச மாட்டாங்கம்மா" என்றாள் மகள். "உன்னால பேசாம இருக்க முடியுமா?"

"பழகிக்கலாம்" என்றேன். அவள் முகம் வாடியது. பாவம், என் கஷ்டத்தை நினைத்து.

பிறகு அவள் வீட்டுக்குப் போனோம். ஃபிரிட்ஜில் டப்பாக்கள் தாறுமாறாகக் கிடந்தன. சும்மா கொஞ்சம் ஒழுங்குபடுத்தினேன். மாப்பிள்ளை வந்து கதவை மெதுவாக, ஆனால் முடிவாக மூடினார்.

மார்ச் 16, ஞாயிறு

ஆற்றோரம். மகன் வீட்டுக்கு எதிர்வீடு. கீழே பைக் மெக்கானிக் கடை, பக்கத்தில் இஸ்திரிக் கடை. தெருவைக் கடப்பதற்குள் மூன்று பேர் நான் யாருடைய அம்மா என்று கேட்டுவிட்டார்கள். மகன் சுவரில் ஒரு கறையைக் காட்டினான். "போன மழைக்குத் தண்ணி இதுவரைக்கும் வந்துச்சும்மா." மார்பு உயரம்.

வீட்டுக்காரர் தையல்காரர். வாயிலிருந்த ஊசியை எடுத்துவிட்டு, "பாதம்கூட நனையலை" என்றார். மகன் கையைக் கழுத்துக்கு உயர்த்தினான்.

இரண்டு இடத்துக்கும் ஒரே புரோக்கர். போன வாரம் மேட்டில், "அமைதிதாம்மா ஆரோக்கியம்" என்றார். இங்கே, "ஆள் நடமாட்டம்தாம்மா பாதுகாப்பு."

மார்ச் 18, செவ்வாய்

யோசித்துப் பார்த்தால் அந்தப் புரோக்கர் ஒருவர்தான் இரண்டு பேட்டையிலும் என்னை வேண்டும் என்கிறார்.

மார்ச் 22, சனி

டிக்கெட் இல்லாதவர்களில் ஒரு வகை உண்டு. தூங்குவதுபோல் நடிக்க மாட்டார்கள், கழிப்பறையில் ஒளிய மாட்டார்கள். சிரித்த முகத்தோடு, "அடுத்த பெட்டியில பாருங்க மேடம், நிறைய பேர் டிக்கெட் இல்லாம வராங்க" என்பார்கள். அக்கறையாக வழிகூடக் காட்டுவார்கள். எத்தனை பேரைப் பிடித்திருக்கிறேன்! நான் பெற்ற இரண்டும் அதே வேலையைச் செய்கின்றன. எனக்கு உறைக்க இத்தனை நாள் ஆகியிருக்கிறது.

ஏண்டா, அப்படி என்ன பண்ணிட்டேன் நான்? உங்க வீட்டுல வந்து உக்காந்து சோறு போடுன்னு கேட்டேனா? என் காசுல, என் வீட்டுல — போதும். அழுதால் எழுத்து கலைகிறது.

மார்ச் 23, ஞாயிறு

சோதனை நடத்தினேன். மகளைக் கூப்பிட்டு, "உங்க தெரு மூணாம் மாடியவே முடிச்சிடலாம்னு இருக்கேன்" என்றேன். உடனே, "அங்க குழாயில தண்ணியே வராதும்மா."

மகனைக் கூப்பிட்டு, "உன் எதிர்வீடுதான்" என்றேன். "எதிர்வீடா? ஜன்னலத் திறந்தா நேரா..." என்று ஆரம்பித்தவன், சட்டென்று வெள்ளத்துக்குத் தாவினான்.

சாயங்காலத்துக்குள் இருவரும் தங்களுக்குள் பேசிவைத்திருக்க வேண்டும். மாற்றி மாற்றி அழைத்து, நான் சாப்பிட்டேனா என்று மட்டும் கேட்டார்கள்.

மார்ச் 30, ஞாயிறு

மருமகள் தனியாக வந்தாள். பல் மருத்துவமனையில் வேலை. ஊரார் வாயைத் திறக்க வைப்பவள், என்னிடம் தன் வாயை அதிகம் திறந்ததில்லை. உட்காரக்கூட இல்லை.

"நேராவே சொல்லிடறேன் அத்தை. நீங்க ஒவ்வொரு தடவை வந்துட்டுப் போனப்புறமும் கரண்டி எங்க, சீப்பு எங்கன்னு ஒரு வாரம் தேடுறேன். உங்க பொண்ணு வீட்டுலயும் இதே கதைதான்."

"அவன் சொல்லி அனுப்பினானா?"

"அவருக்கு நான் வந்ததே தெரியாது. அவர் இன்னும் வெள்ளம் வரும்னுதான் சொல்லிக்கிட்டு இருக்கார்."

"சரிம்மா. அப்ப ரெண்டும் வேணாம். வேற எங்கயாவது பாத்துக்கறேன்."

"நான் அப்படிச் சொல்லலையே. ஆத்தோரமே வாங்குங்க. எதிர்வீடு வேணாம், ரெண்டு தெரு தள்ளி. எங்க வீட்டுல சாமான் இருந்த இடத்துல இருக்கட்டும். அவ்வளவுதான்."

"என்னை வேணும்ங்கறியா, வேணாம்ங்கறியா?"

"ரெண்டு தெரு தள்ளி வேணும்ங்கறேன்."

அதற்குப் பிறகுதான் உட்கார்ந்தாள். எனக்குக் கோபம் வந்தது. வந்த வேகத்தில் வடிந்தும் போனது. என் வயிற்றில் பிறந்தவர்கள் காற்று, குழாய், முட்டி என்று ஊரைச் சுற்றினார்கள். இவள் கரண்டியைச் சொன்னாள்.

ஏப்ரல் 12, சனி

ஆற்றோரத்திலேயே முடித்தாயிற்று. இரண்டு தெரு தள்ளி, முதல் மாடி. கீழே ஒரு டியூஷன் சென்டர்; வாய்ப்பாடு ஒப்பிக்கிற சத்தம் நாள் முழுக்க வரும். வரட்டும்.

மகள் போனில் அழுதாள். "கடைசியில உனக்குப் பையன்தான் பெருசு, இல்ல?" நிஜமான அழுகைதான். அந்த அழுகைக்கு நடுவில் அவள் விட்ட பெருமூச்சும் நிஜம்தான்.

ஜூன் 8, ஞாயிறு

நேற்று பேய்மழை. தெருவில் தண்ணீர் முழங்கால் வரை வந்தது. தையல்காரர் சொன்னதும் பொய், மகன் சொன்னதும் பொய். அவன் வீட்டுக்குப் போனேன். சமையலறையில் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். சர்க்கரை டப்பா அடுப்புக்குப் பக்கத்தில் இருந்தது. இருந்துவிட்டுப் போகட்டும் என்று திரும்பி வந்தேன். அந்தச் சர்க்கரை டப்பா இன்னும் கண்ணிலேயே நிற்கிறது.

ஜூலை 13, ஞாயிறு

மத்தியானம் மணி அடித்தது. மருமகள். கையில் பைகூட இல்லை.

"கொஞ்ச நேரம் படுத்துக்கட்டுமா அத்தை? அவரோட நண்பர்கள் வந்து மேட்ச் பாக்கறாங்க. ஒரே கூச்சல். நீங்க எதுவும் பேச வேணாம்."

சோஃபாவில் கிடந்த துணிகளை எடுத்தேன். படுத்ததும் தூங்கிவிட்டாள். ஜன்னல் திரையை இழுத்துவிட்டேன்.

சற்று நேரத்தில் மகன் கூப்பிட்டான். உள் அறைக்குப் போய் எடுத்தேன்.

"அம்மா, அவ அங்க வந்தாளா? டீ போடணும், ஆளைக் காணோம்."

"இல்லையேப்பா" என்றேன்.

திரும்பி வந்தபோது அவள் கால் ஒன்று சோஃபாவுக்கு வெளியே தொங்கிக்கொண்டிருந்தது. எடுத்துவைக்கவில்லை, விழித்துவிடுவாள். எதிர் நாற்காலியில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். பக்கம் திருப்பும் சத்தத்துக்கு லேசாக அசைகிறாள். போதும், மீதியைப் பிறகு எழுதிக்கொள்ளலாம்.