நீ முதுகு காட்டி ஸ்ருதி சேர்த்த கிட்டார்

உன் கிட்டார் பெட்டியைத் திறந்ததும் தைல வாசனை குப்பென்று அடித்தது. பாட்டுக்காரன் பெட்டியில் தைலம் எதற்கு என்று அப்போதே கேட்டேன். தொண்டைக்கு என்றாய். நான் நம்பவில்லை.

உன்னைச் சந்தேகப்படுவதே எனக்குப் பாதி வேலையாக இருந்தது. காஹாங் பக்கத்துக் கல்யாண வீடுகளில் பாட ஆரம்பித்தவன் நீ. ஜொகூர் பாருவில் ஹோட்டல் மேடை கிடைத்தபோது, உனக்குத் துணைக் கிட்டார் வாசிக்க என்னையும் இழுத்துக்கொண்டாய். வாரம் முழுக்க பாசிர் கூடாங்கில் ஆளுக்கொரு தொழிற்சாலை. சனிக்கிழமையானால் கௌபாய் தொப்பியும் கண்ட்ரி பாட்டும். வெள்ளைக்காரன் பாட்டையே பாடிக்கொண்டிருந்த நீ, செம்மண் சாலையையும் எண்ணெய்ச் செம்பனைக் குலை ஏற்றும் லாரியையும் வைத்துத் தமிழில் சொந்தமாக எழுதினாய். தமிழ் தெரியாதவர்கள்கூட மேசையில் தாளம் போட்டார்கள்.

பிறகுதான் அந்தத் திருட்டுத்தனம் ஆரம்பித்தது. ஸ்ருதி சேர்க்கும்போது எனக்கு முதுகைக் காட்டினாய். பாடி முடித்ததும் கம்பிகளையெல்லாம் தளர்த்திவிட்டுத்தான் பெட்டியை மூடுவாய். "நம்ம ஊரு வெக்கைக்குக் கிட்டாரு கழுத்து வளைஞ்சிரும்லா" என்பாய். என்ன வெக்கை? அதே வெக்கையில்தானே என் கிட்டாரும் கிடந்தது! உன் கிட்டாரின் ஓசையும் மாறியிருந்தது. எப்படி முயன்றும் அது என் கையில் வரவில்லை. என்னைக் கழற்றிவிட்டு சிங்கப்பூர் மேடைக்குத் தனியாகப் போகப் பார்க்கிறாய் என்று முடிவு கட்டிவிட்டேன்.

நீ போய்ச் சேர்ந்த பிறகு, போன வாரம்தான் பெர்மாஸ் ஜெயாவில் உன் வீட்டுக்குப் போயிருந்தேன். உன் மனைவி கிட்டாரை எடுத்து வந்து என்னையே வைத்துக்கொள்ளச் சொன்னார். கடைசியாக நீ வாசித்து வைத்த பிறகு யாரும் அதைத் தொடவில்லையாம்.

கம்பிகள் தளர்ந்திருக்கவில்லை. விரல் எதையும் அழுத்தாமல் சும்மா வருடினேன். முழு கோர்டு ஒலித்தது; விரல்கள் அழுத்திப் பிடிக்க வேண்டிய சுரங்களைக் கம்பிகளின் ஸ்ருதியிலேயே சேர்த்து வைத்திருந்தாய். ஒரே விரலைக் குறுக்கே படுக்கவைத்து மேலும் கீழும் நகர்த்தினால் போதும், உன் பாட்டு மொத்தமும் வந்துவிட்டது. அடப்பாவி.

நிமிர்ந்தபோது உன் மனைவி அழுதுகொண்டிருந்தார். உன் இடது கையில் இரண்டு விரல்கள் மடங்காமல் போய் வெகுகாலமாம். தைலம் அதற்குத்தானாம். வெளியே சொல்லக் கூடாது என்று சத்தியம் வாங்கியிருந்தாயாம்.

"தெரிஞ்சா தன் இடத்துல உங்கள நிக்க வச்சிருவாங்கன்னு பயந்தாரு, அண்ணே."

ஆக, நான் உன்னைச் சந்தேகப்பட்ட காலமெல்லாம் நீ என்னைச் சந்தேகப்பட்டிருக்கிறாய். கோபம் கோபமாக வருகிறது. உன் இடத்தைப் பிடுங்கவா அத்தனை காலம் உன் பக்கத்தில் நின்று வாசித்தேன்?

ஆனால் ஒன்று இடிக்கிறது. எப்போதும் கம்பியைத் தளர்த்துகிறவன் கடைசி முறை மட்டும் ஏன் விட்டாய்? மறந்துவிட்டாயா? உடம்பு முடியவில்லையா? இல்லை, இது என் கைக்குத்தான் வந்து சேரும் என்று தெரிந்தே விட்டுவைத்தாயா? உன்னை எனக்குத் தெரியும். எதையும் அப்படியே நம்ப மாட்டேன்.

நேற்று மாலை உன் பாட்டை வாசித்துக்கொண்டிருந்தேன். நம்மோடு டிரம்ஸ் அடித்தவன் வந்து வாசலில் நின்றான்.

"அவன் சவுண்டு அப்படியே வருதேடா. எப்படிப் பிடிக்கிற?"

உன்னைப் போலவே, அவனுக்கு முதுகைக் காட்டித் திரும்பிக்கொண்டேன்.