பழத்தோட்டத்து மூன்று டாங்கிகள்

நார்மண்டி, விமானத் தளம்
ஆகஸ்ட் 10, 1944

அன்புள்ள லயனல்,

ஆப்பிளும் சைடர் மதுவுமாக உனக்கென்ன குறை! நாங்கள் இங்கே புழுதியைத்தான் தின்கிறோம். பள்ளிக்கூடத்தில் பக்கத்தில் உட்கார்ந்து எனக்குக் கணக்கு சொல்லிக்கொடுத்த பாவத்துக்கு உன்னை டாங்கி எண்ணும் வேலையில் போட்டார்கள் போலும். நாங்கள் அடித்தோம் என்று சொல்வதை நீங்கள் போய்ச் சரிபார்க்க வேண்டும். நல்ல பிழைப்புதான்.

ஓர் உதவி வேண்டும். என் பக்கத்தில் பறந்த ராபின் ஆல்டஸ் ஜூலை முப்பத்தொன்றில் போய்விட்டான். வீர் நகரத்துச் சாலையில், கற்சிலுவைக்குப் பின்னால் ஒரு பழத்தோட்டம். மரத்தடியில் மூன்று டாங்கிகள். ராக்கெட்டெல்லாம் தீர்ந்து, விமானத்தின் இறக்கைத் துப்பாக்கிதான் மிச்சம். "துப்பாக்கி இருக்குல்ல? இன்னொரு தடவை போடா, கிட்டப் போய் அடி" என்று ரேடியோவில் சொன்னது நான்தான். போனான். டாங்கிகள்மேல் பொறி பறந்தது, புகை கிளம்பியது. அவன் மட்டும் மேலே ஏறி வரவில்லை.

அவன் அம்மா எழுதியிருக்கிறார்: "என் பிள்ளை எதற்காகச் செத்தான் என்று மட்டும் சொல்லுங்கள்." மூன்று டாங்கிகள் என்று எழுதப்போகிறேன். நீ அந்தத் தோட்டத்துக்குப் போய்ப் பார்த்து, அவை அவன் அடித்தவைதான் என்று எனக்கு ஒரு வரி எழுது. மனசு ஆறும்.

உன்
டென்ஸில்

*

ஆகஸ்ட் 17

அன்புள்ள டென்ஸில்,

ராபினைப் பற்றிப் படித்து மிகவும் வருந்தினேன். அந்தச் சாலை இப்போதுதான் எங்கள் முறைக்கு வந்தது. வழியெல்லாம் செத்த மாடுகள். மூக்கைப் பொத்திக்கொண்டே எண்ணுகிறோம். எண்ணி முடித்த டாங்கியில் வெள்ளைச் சாயத்தில் ஓர் எண் போடுவோம், இல்லாவிட்டால் அடுத்து வருகிறவன் அதையே திரும்ப எண்ணுவான்.

நீ சொன்ன தோட்டத்தைக் கண்டுபிடித்தேன். மூன்று டாங்கிகளும் அங்கேதான் நிற்கின்றன. மூன்றும் எரிந்திருக்கின்றன. 61, 62, 63 என்று எண் போட்டேன். மற்ற விவரங்களை அப்புறம் எழுதுகிறேன், இன்றைக்குக் கை ஓயவில்லை. ராபின் பயமில்லாமல் போனான் என்று அவன் அம்மாவுக்கு எழுது. அது பொய்யில்லை.

உடம்பைப் பார்த்துக்கொள். வேளைக்குச் சாப்பிடு.

உன்
லயனல்

*

ஆகஸ்ட் 19

அன்புள்ள லயனல்,

மூன்றும் எரிந்தன என்றாயே, அது போதும்! ஆனாலும் ஒரு 'ஆமாம்' சொல்ல உனக்கு இவ்வளவு இழுவையா? நீ வாத்தியார்தானடா, மாறவே மாட்டாய்.

உன் பதிலுக்குக் காத்திராமல் ராபினின் அம்மாவுக்குப் பத்தாம் தேதியே எழுதிவிட்டேன். பதிலும் வந்துவிட்டது. என் கடிதத்தைத் தெருவில் ஒவ்வொரு வீடாகக் கொண்டுபோய்ப் படித்துக் காட்டுகிறாராம்.

புதிதாக ஆறு பேர் வந்திருக்கிறார்கள். எல்லாம் மீசை முளைக்காத முகங்கள். அவர்களுக்கு நான் சொல்லும் முதல் பாடமே ராபின்தான். "ராக்கெட் தீந்துபோச்சுன்னு ஓடி வந்துடாதீங்கடா. வெறும் துப்பாக்கியாலயே ஒருத்தன் மூணு டாங்கியக் கொளுத்தியிருக்கான். எண்ணுறவனே நேர்ல போய்ப் பாத்துட்டு எழுதியிருக்கான்" என்கிறேன். வாயைப் பிளந்துகொண்டு கேட்கிறார்கள். ஹ்யூ பெனல்லிக் என்று ஒருவன், எங்கள் ஊர்ப்பக்கத்துக்காரன், இரண்டு தரம் சொல்லச் சொன்னான்.

உன்
டென்ஸில்

*

ஆகஸ்ட் 21

டென்ஸில்,

உன் கடிதம் நேற்று மாலை வந்தது. அன்றைக்கு எனக்குக் கை ஓயவில்லை என்றது பொய். எழுதத் தைரியம் வரவில்லை.

அந்த மூன்றையும் எரித்தது ராபின் இல்லை. மூன்றிலும் பக்கவாட்டில் முஷ்டி நுழையும் அளவுக்கு ஓட்டை. அது தரையிலிருந்து நம் பீரங்கி போட்டது. பண்ணைக்காரப் பெண்மணியைக் கேட்டேன். "அதெல்லாம் ஏரோப்ளேன் வந்ததுக்கு முந்தின நாள் சாயங்காலமே எரிஞ்சு போச்சுங்க. மறுநாள் ஜெர்மன்காரங்க வந்து சுத்திலும் குழி வெட்டி, வானத்தப் பாத்துச் சுடுற துப்பாக்கிய வெச்சாங்க. உங்க ஏரோப்ளேன் வரும்னு காத்துக்கிட்டுக் கெடந்தாங்க" என்றாள். குழிகளைப் பார்த்தேன். காலித் தோட்டா முழங்கால் உயரம் கிடக்கிறது.

ராபினின் குறி தப்பவில்லை. ஒரு டாங்கியின் தலையில் பதினொரு தழும்புகள். சாயம் பெயர்ந்திருக்கிறது, இரும்பில் விரல் நுனி பதியும் அளவுக்குப் பள்ளம். அவ்வளவுதான். மேலே இருந்து பார்த்தால் உயிருள்ள டாங்கியும் செத்த டாங்கியும் ஒன்றுதான். குண்டு பட்டுப் பொறி பறந்தால் எரிகிறது என்றுதான் யாரும் நினைப்பார்கள். அவன் செத்த பாம்பை அடிக்கப் போயிருக்கிறான்.

அந்தச் சாலையில் உங்கள் ஆட்கள் நாற்பது டாங்கி அடித்ததாக எழுதிக் கொடுத்தார்கள். ராக்கெட் பட்டது இரண்டு. விமானத் துப்பாக்கி துளைத்தது ஒன்றுகூட இல்லை. லாரிகளை மட்டும் சல்லடையாக்கியிருக்கிறீர்கள். கைதியான டாங்கிக்காரன் ஒருவன், "உள்ளயே இருந்தா ஒண்ணும் ஆகாதுன்னு தெரியும். ஆனா அந்தச் சத்தம் கேட்டா உக்கார முடியல, எறங்கி ஓடிடுவோம்" என்றான். உங்களால் அந்தப் பயத்தைக் கொடுக்க முடிகிறது. அதற்கு என் அறிக்கையில் கட்டம் இல்லை.

உன்னைக் கெஞ்சிக் கேட்கிறேன். ராபின் கதையை அந்தப் பிள்ளைகளுக்கு இனிமேல் சொல்லாதே. துப்பாக்கியை நம்பி யாரையும் டாங்கிமேல் அனுப்பாதே. லாரியை அடிக்கட்டும்.

லயனல்

*

ஆகஸ்ட் 23

லயனல்,

உன் கடிதம் நேற்று வந்தது.

ஹ்யூ பெனல்லிக் இருபதாம் தேதி காலையில் போய்விட்டான். ராக்கெட் தீர்ந்த பிறகு, ஆற்றங்கரையில் நின்ற ஒரு டாங்கிமேல் துப்பாக்கியோடு இறங்கினான். நான் போகச் சொல்லவில்லை. திரும்பு என்றுதான் சொன்னேன். "பரவால்ல சார், ராபின் மாதிரி ஒரு தடவை" என்றான். அதுதான் அவன் கடைசியாகப் பேசியது.

உண்மையை எழுதினாய் என்று உன்மேல் எனக்குக் கோபமில்லை. ராபினை அனுப்பியவன் நான். அந்தப் பழியை நான் சுமந்துகொள்கிறேன். ஆனால் பதினேழாம் தேதியே உனக்கு எல்லாம் தெரியும். பதினெட்டாம் தேதி உன் கடிதத்தை நான் ஹ்யூவின் எதிரில்தான் பிரித்தேன். "மூணும் எரிஞ்சிருக்கு" என்று அவனுக்குப் படித்தே காட்டினேன். என் மனசு நோகக் கூடாது என்று நீ நினைத்தாய். அந்த நினைப்பைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை.

ராபினின் அம்மாவுக்கு நான் வேறெதுவும் எழுதப் போவதில்லை. ஹ்யூவின் அம்மாவுக்கு இன்றைக்கு எழுத வேண்டும். இன்னும் ஒரு வரி எழுதவில்லை.

அந்த ஆற்றங்கரையும் சீக்கிரம் நம் கைக்கு வந்துவிடும், எண்ணுவதற்கு உங்கள் ஆட்கள் போவார்கள். நீ போகாதே. வேறு யாரையாவது அனுப்பு.

டென்ஸில் ப்ரௌஸ்