கவுஞ்சிக்குப் போன பெட்டி

நவ. 13, திங்கள்

மழை இல்லை. வெறும் மேகம். துவைத்த துணி மூன்றாம் நாளாக ஈரம்.

பெட்டி நேற்று முடிந்தது. சோப்பு டப்பா அளவு. உள்ளே ஒன்பது வோல்ட் பேட்டரி, சிப்பில் எழுதுவதற்காக அதைப் பதின்மூன்றாக உயர்த்தும் சின்ன சர்க்யூட், சோலார் வேலியை இயக்கும் புரோகிராமை வைத்திருக்கும் மெமரி. வெளியே ஐந்து ஒயர், ஒரு பட்டன், இரண்டு விளக்கு. பச்சை என்றால் சிப்பில் புரோகிராம் ஏறிவிட்டது. சிவப்பு என்றால் இல்லை.

இடி இறங்கினால் சோலார் வேலியின் சிப்பில் புரோகிராம் அழிந்துபோகிறது. கழற்றி, பஸ்ஸில் போட்டு, எங்கள் பட்டறைக் கம்ப்யூட்டரில் ஏற்றித் திருப்பி அனுப்ப மூன்று நாள். அதுவரை தோட்டம் காட்டுமாட்டுக்கு. இனி வேலியடியிலேயே ஒரு நிமிடம்.

ஏழு மாத ஞாயிறுகள். யாரும் செய்யச் சொல்லவில்லை. முதலாளி சித்திரையில் சொன்ன ஒரு பேச்சு, அதற்காக. தோட்டங்களுக்கு என்னையும் அனுப்புங்கள் சார் என்றேன். "கம்ப்யூட்டரத் தலையில தூக்கிட்டா போவ? கையில பிடிச்சுட்டுப் போற மாதிரி ஒண்ணு கொண்டா, உன்னையவே அனுப்புறேன்." இரண்டு வருடமாக எனக்கு ஒரே மேஜை, எதிரே சுவர்.

நவ. 14

முதலாளியிடம் காட்டினேன். பட்டறைக்கு வந்திருந்த மூன்று சிப்புக்கும் பச்சை.

"படிக்காதவங்ககூட இயக்கலாம் சார்" என்றேன். பெருமை வேறு.

முதலாளி உடனே தோட்ட வேலை மெக்கானிக்கைக் கூப்பிட்டார். "சேவியரு, நீ அமுக்கு பாப்போம்."

சேவியர் அண்ணன் அமுக்கினார். பச்சை.

"இவனே அமுக்கிட்டாம்ல! அப்ப யாரு வேணா அமுக்கலாம்."

"என்னைய வச்சா டெஸ்ட் பண்றீங்க?"

எல்லாரும் சிரித்தோம். நானும்தான். மடச்சி.

நவ. 15

கவுஞ்சி கிராமத்தில் இரண்டு வேலி போய்விட்டதாம். நாளைக்குப் போக வேண்டும்.

எடுக்க: பேட்டரி 2, டார்ச், ஸ்க்ரூ டிரைவர், இன்சுலேஷன் டேப். தம்பியின் பூட்ஸ் (முனையில் பேப்பர் திணிக்க).

அம்மா பூட்ஸைப் பார்த்தாள். "எங்கடி, பட்டாளத்துக்கா?"

"தோட்டத்துக்கு, வேலையா."

"நானுந்தான் இருவது வருசமாத் தோட்டத்துக்குப் போறேன். எனக்கு எவன் பூட்ஸ் குடுத்தான்?"

பூட்ஸ் முனையில் பேப்பரைத் திணித்தேன்.

நூலகப் புத்தகம் தவணை கடந்துவிட்டது. மொழிபெயர்ப்பு நாவல். மூடுபனியைப் புகழ்ந்து இரண்டு பக்கம். எழுதியவர் பாவாடை துவைத்துக் காயப்போட்டதில்லை போலும்.

நவ. 16

வெள்ளனே போய் நின்றேன், பூட்ஸோடு. பெட்டி சேவியர் அண்ணனின் பையில் இருந்தது.

"பெட்டிதான் போகுதுல்ல, நீ எதுக்கும்மா?" என்றார் முதலாளி.

சித்திரையில் சொன்னதைச் சொன்னேன்.

"அது பேச்சுக்குச் சொன்னது. பொம்பளப் பிள்ளைய அத்தந் தூரம் அனுப்பிட்டு உங்கம்மாவுக்கு யாரு பதில் சொல்றது?"

அம்மா அந்நேரம் வில்பட்டி மேட்டில் ஈர மண்ணில் மண்டி போட்டு கேரட் பிடுங்கிக்கொண்டிருந்திருப்பாள். அவளை அனுப்ப யாரும் யாருக்கும் பதில் சொன்னதில்லை.

"வெரசா வந்துருவேன், மொகத்தத் தூக்காத." சேவியர் அண்ணன் பைக்கைக் கிளப்பினார். நல்ல மனிதர். அதுதான் இன்னும் எரிச்சல்.

நாள் முழுக்க மேஜையில் பூட்ஸோடு. மாற்றுச் செருப்பு கொண்டுபோகவில்லை.

நவ. 17

கடுங்குளிர். பட்டறை திறந்ததும் கவுஞ்சியிலிருந்து போன். சேவியர் அண்ணன் அங்கேயே தங்கிவிட்டார்.

"நேத்து சாயங்காலமும் செவப்பு, இப்பவும் செவப்பு. ராத்திரி நாலு மாடு எறங்கி பூண்டப் பூரா மிதிச்சுப் போட்டுருச்சு. ஊரே என்னைய மொறைச்சுட்டு நிக்குது."

ஸ்பீக்கரில் கேட்ட முதலாளி ஆணியிலிருந்து ஜீப் சாவியை எடுத்தார். என்னிடம் நீட்டாத குறை. "கெளம்பு. நீயே போய் என்னன்னு பாரு."

போன் என் கையில். "வர்றேன்ணே" என்று ஒரு வார்த்தை போதும். நான் கேட்டது: "நேத்துலேர்ந்து பெட்டிய எங்க வச்சிருக்கீங்க?"

"பைக்குலதான், வெளிய பனியில."

"பேட்டரி வெறைச்சுப் போச்சு, வோல்ட் ஏறல. கழட்டிச் சட்டைக்குள்ள வச்சுக்கங்க. கால் மணி நேரம். அப்புறம் அமுக்குங்க."

பூண்டுக்காரரை நினைத்துச் சொன்னேன் என்று எழுத ஆசை. பொய். விடை தெரிந்தது, சொல்லாமல் இருக்க முடியவில்லை.

இருபது நிமிடத்தில் மறுபடி போன். "பச்சைம்மா! பச்சை!"

முதலாளி சாவியை ஆணியில் மாட்டினார். "பாத்தியா? ஒன்னைய இங்கன வச்சிருக்கதுதான் எல்லாத்துக்கும் நல்லது. இதே மாதிரி நாலு செஞ்சு குடு."

நவ. 18, சனி

தூறல். நாலு பெட்டிக்கும் சாமான் பட்டியல் கேட்டார். டீ வருவதற்குள் எழுதிவிட்டேன். கடைசியில் யாரும் கேட்காத ஒரு வரியும் சேர்த்தேன்: பேட்டரியைச் சுற்றக் கம்பளித் துணி, அரை மீட்டர். அதைச் சுற்றிவிட்டால் எந்தக் குளிரிலும் சிவப்பு எரியாது. யாரும் எனக்குப் போன் பண்ண வேண்டியிராது.